ஜகதாம்பாள் சொன்னால் வீடு

காளிகாட்டில் குடியேற வருகிற தமிழனுக்கு அந்தக் காலத்தில் இரண்டு தரிசனம் உண்டு. முதலில் காளி, அப்புறம் ஜகதாம்பாள். காளி யாரையும் எதுவும் கேட்கமாட்டாள். ஜகதாம்பாள் கேட்பாள். ஆத்தில் எத்தனை பேர் என்று ஆரம்பித்து, ஊரிலிருந்து யார் யார் வந்து போவார்கள், வந்தால் போவார்களா என்பது வரைக்கும் கேட்டுத்தான் விடுவாள்.

ராஜதானியை டெல்லிக்குக் கொண்டுபோன மறு வருஷத்துச் சங்கதி இது. சர்க்கார் போனால் போகட்டும் என்று பாங்கிகளும் கம்பெனிகளும் கல்கத்தாவிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டன. ஒவ்வொரு மெயிலிலும் தஞ்சாவூர் ஜில்லாக்காரன் ஒருவனாவது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு சிபாரிசுமாக ஹவுராவில் வந்து இறங்கினான். தனிக்கட்டையாக வந்தவனுக்கு மெஸ் இருந்தது. பெண்டாட்டியோடு வந்தவன் பாடுதான் திண்டாட்டம்.

வங்காளி வீட்டுக்காரர்களுக்கு எங்கள் பேரில் துளிக்கூட நம்பிக்கை கிடையாது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நானும் சம்சாரமும் மட்டும்தான்" என்று சொல்லி ஒரு மகானுபாவர் குடி வந்தார். மாசம் திரும்புவதற்குள் மைத்துனன் வந்தான், மைத்துனனுடைய சிநேகிதன் வந்தான், சமையலுக்கு ஒரு அத்தை வந்தாள், அத்தைக்குப் பேச்சுத் துணையாக இன்னோர் அத்தை வந்தாள். வீடு சத்திரமாகிவிட்டது. இன்னொரு வீட்டு அம்மாள் மடி மடி என்று மாடியில் குடம் குடமாக ஜலத்தைக் கொட்டி அலம்பியதில், கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் சோற்றில் காரை பெயர்ந்து விழுந்தது. மூன்றாவது வீட்டில் கோழி கூவுமுன்னே ஆட்டுக்கல்லைச் சுற்ற ஆரம்பித்தார்கள். பூகம்பம் என்று நினைத்து வீட்டுக்காரர் குழந்தை குட்டிகளுடன் தெருவுக்கு ஓடி வந்துவிட்டார். அதற்கப்புறம் 'மதராஜி' என்ற சொல்லைக் கேட்டாலே, வாசலில் தொங்குகிற டு-லெட் பலகையை உள்பக்கமாகத் திருப்பி மாட்டிவிடுவார்கள்.

அந்தப் பலகையை மறுபடி வெளிப்பக்கம் திருப்பியவள் ஜகதாம்பாள்.

அவளுடைய அகத்துக்காரர் வாஞ்சிநாதன் எங்கள் ஆபீஸில் தபால் செக்ஷனில் இருந்தார். சாது. பேசினால் தபால்தலை செலவாகிவிடும் என்பது போலப் பேசுவார். அவர் செலவழிக்காத பேச்சை எல்லாம் சேர்த்து இவள் செலவழித்தாள். கல்கத்தாவுக்கு வந்த ஆறாம் மாசமே வங்காளி பாஷை அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. மீன்காரியோடு சண்டை போடுகிற அளவுக்கு வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மீன் வாங்க அல்ல, மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்ததற்காக.

அவர்கள் குடியிருந்தது சக்ரவர்த்தி பாபுவின் வீட்டில். பெயர்தான் சக்ரவர்த்தி, சாம்ராஜ்யம் மொத்தம் இரண்டு வீடுதான். பெரிய வீட்டின் ஒரு பாதியில் அவர் குடும்பம், மறு பாதியில் ஜகதாம்பாள். இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு. முற்றத்தைத் தாண்டினால் பின்னால் ஒரு சின்ன வீடு. சக்ரவர்த்தி பாபு என்ன சொன்னாலும் சாம்ராஜ்யத்தின் சாவிக்கொத்து அவர் மனைவி நிஸ்தாரிணியின் புடவைத் தலைப்பில்தான் முடிச்சுப் போட்டுத் தொங்கியது.

நிஸ்தாரிணிக்கு ஜகதாம்பாள் 'தீதி'. அக்கா என்று அர்த்தம். அந்த உறவின்படி வாஞ்சிநாதன் 'ஜாமாய்பாபு', அக்கா புருஷன். ஆனால் நிஸ்தாரிணி பழைய காலத்து வீட்டுப் பெண். வாஞ்சிநாதனின் செருப்புச் சத்தம் கேட்டாலே தலைப்பை மூக்கு வரைக்கும் இழுத்துக் கோம்டா போட்டுக்கொண்டுவிடுவாள். இந்த முக்காட்டுக்குள்ளிருந்து, "தீதி, மழை வரும் போலிருக்கிறது, ஜாமாய்பாபுவைக் குடை எடுத்துக்கொள்ளச் சொல்லு" என்பாள். ஜாமாய்பாபு இரண்டடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருப்பார். அத்தனை வருஷமாக அவர் அவள் முகத்தையும் பார்த்ததில்லை, அவளோடு ஒரு வார்த்தை நேரில் பேசியதும் இல்லை.

ஒருமுறை பின் வீட்டுக்கு ஒரு தமிழ்க் குடும்பம் வந்து கேட்டபோது, நிஸ்தாரிணி விளையாட்டாக, "உங்கள் ஊர்க்காரர்கள்தானே, கொடுக்கலாமா தீதி?" என்று கேட்டாள். வேறு யாராக இருந்தாலும் நம்ம மனுஷாள் என்று ஆகா ஓகோ என்றிருப்பார்கள். ஜகதாம்பாள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கொடுக்காதே. அந்த மாமி கோபம் வந்தால் பாத்திரத்தைச் சுவரில் எறிகிறாள். சுவர் முழுக்கப் பள்ளம்" என்று பட்டென்று சொல்லிவிட்டாள். எங்கள் ஜனங்கள் அவளைத் திட்டித் தீர்த்தார்கள். நானும் திட்டினேன். ஆனால் அன்றைக்கு வேண்டாம் என்று சொன்ன வாய் அடுத்த மாசம் இன்னொருவரைக் 'கொடுக்கலாம்' என்றபோது, நிஸ்தாரிணி மறுபேச்சில்லாமல் சாவியை அவிழ்த்தாள். பேச்சு சந்து சந்தாகப் பரவிற்று. பவானிபூரிலிருந்துகூட வீட்டுக்கார அம்மாள்கள் ஆள் அனுப்பி விசாரித்தார்கள். ஜகதாம்பாள் சொன்னால் வீடு என்று ஆகிவிட்டது.

அவள் விசாரணை எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானே மாட்டிக்கொண்டவன். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பாள், கையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. கல்கத்தாவில் கறிவேப்பிலையோடு வருகிறவளை எந்தத் தமிழ்ப் பெண்பிள்ளை வாசலோடு அனுப்புவாள்? நேராகச் சமையலுள்ளுக்குப் போய்விடுவாள். குடிக்கத் தீர்த்தம் கேட்பாள், குடிக்கிற சாக்கில் சுவர்களைப் பார்ப்பாள். சுவரில் ஆணி அடிக்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "வாடகைச் சுவர்ல ஆணி அடிக்கிறவா, நாளைக்கு ஜன்னலைக் கழட்டி விறகாக்க மாட்டான்னு என்ன நிச்சயம்?" என்பாள். என் குடைக்கு ஒன்று, சட்டைக்கு ஒன்று, ஒன்றுமில்லாததற்கு ஒன்று என்று நான் அடித்து வைத்திருந்தேன். என் சம்சாரம் அழாத குறையாகக் கெஞ்சி, இனிமேல் கொடியில்தான் போடுவோம் என்று சத்தியம் செய்த பிறகுதான் எங்களுக்குப் 'பாஸ்' கிடைத்தது. இப்போதும் சுத்தியலைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் நடுக்கம்.

ஒருதலைப்பட்சமாகவும் நடக்கமாட்டாள். வீட்டுக்காரர் பக்கத்தையும் தோண்டித் துருவிவிடுவாள். மீன் அலம்புவது எந்த மூலையில், அந்தத் தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, எல்லாம் பார்த்துத்தான் குடித்தனக்காரரிடம் சொல்லுவாள். இரண்டு பக்கமும் அவளிடம் பயந்தார்கள், இரண்டு பக்கமும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். பிரதியாக யாராவது ஏதாவது கொடுக்க வந்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள். "என் வார்த்தைக்கு என்ன வெலை போடறேள்?" என்று கேட்டால் எவன் பதில் சொல்லுவான்?

அந்த ஆடியில் சீதாராமன் வீடு தேடி வந்தான்.

எங்கள் ஆபீஸ்தான். மன்னார்குடிப் பக்கம், இருபத்தைந்து வயசு இருக்கும், நல்ல பையன். மெஸ்ஸில் இரண்டு வருஷம் இருந்து அலுத்து, லீவு போட்டு ஊருக்குப் போய்ப் பெண்டாட்டியை அழைத்து வந்துவிட்டான். எங்கே வைத்துக்கொள்வது என்பதைத்தான் யோசிக்கவில்லை. ஹவுராவில் ரயில்வேயிலிருந்த ஒரு சிநேகிதர், தம் குடும்பம் ஊரிலிருந்து திரும்புகிறவரை குவார்ட்டர்ஸில் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தார். ஆவணி பிறந்ததும் அவர்கள் வந்துவிடுவார்கள். அதற்குள் வீடு கிடைக்காவிட்டால் பெண்ணைத் துணை பார்த்து மெயில் ஏற்றிவிட வேண்டியதுதான். மறுபடி லீவு கிடைத்து அழைத்து வர இன்னும் இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ, துரைக்குத்தான் வெளிச்சம்.

ஜகதாம்பாள் கறிவேப்பிலையோடு ஹவுராவுக்குப் போனாள். பெண்ணின் பெயர் அனந்தலக்ஷ்மி. பதினேழு வயசு, ஒல்லி, பெரிய கண். ஒரே அறையை அவள் வைத்திருந்த அழகைப் பார்த்து ஜகதாம்பாளுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. சுவரில் ஓர் ஆணி கிடையாது. சீதாராமன் குடையை மூலையில் சார்த்தி வைத்திருந்தான். கிளம்பும்போது அந்தப் பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமி, என்னைத் திருப்பி அனுப்பிடாம பண்ணுங்கோ. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன், ஒரு சமையலுள் போதும்" என்றாள். வருகிற வழியெல்லாம் ஜகதாம்பாள் டிராமில் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாளாம்.

சக்ரவர்த்தி பாபுவின் பின் வீடு அப்போது காலி. "நல்ல புருஷன் பெண்டாட்டி. கண்ணை மூடிக்கொண்டு கொடு" என்று நிஸ்தாரிணியிடம் சொன்னாள். "நீ சொன்னால் போதாதா தீதி? இருந்தாலும் அந்தப் பெண்ணை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்" என்றாள் நிஸ்தாரிணி. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்துக் கப்பல் போவதற்காக ஹவுரா மிதவைப் பாலத்தைத் திறந்துவிட்டார்கள். அக்கரையிலேயே வெயிலில் நின்றுவிட்டு, இருவரும் வந்து சேர்ந்தபோது உச்சி வேளை. சீதாராமன் முற்றத்தில் சக்ரவர்த்தி பாபுவோடு நின்று பேசிக்கொண்டிருந்தான். ஜகதாம்பாள் அனந்தத்துக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். "இதோ பார், ஸ்வாமியை மேலே மச்சிலே வச்சுக்கோ. கீழே வச்சா மீன் வாசனை வரும்" என்றாள். அதற்குள் அவள் அடுப்பில் வைத்துவிட்டு வந்த பருப்பு பொங்குகிற வாசனை வர, இதோ வந்துவிட்டேன் என்று ஓடினாள். ரசத்துக்குப் பருப்பு வைத்ததால் வந்த வினை என்று பிற்பாடு நாங்கள் அவளைக் கேலி செய்வோம்.

அப்புறம் நடந்ததை ஜகதாம்பாள் ஆயிரம் தடவை எங்களுக்கு நடித்துக் காட்டியிருக்கிறாள், இரண்டு பேர் குரலிலும்.

நிஸ்தாரிணி பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள். அவர்கள் சுமங்கலிக்கு அடையாளமான சங்கு வளையும் இரும்பு வளையும் இந்தப் பெண் கையில் இல்லை. அது போகட்டும், தீதி கையிலும்தான் இல்லை. சிரித்த முகமாக, முற்றத்தில் நின்ற சீதாராமனைக் காட்டி, அவர் உனக்கு யார் என்று கேட்டாள். பேச்சுத் தொடங்குவதற்குக் கேட்கிற கேள்விதான் அது. பாஷை தெரியாவிட்டாலும் கை காட்டியது புரிந்தது அனந்தத்துக்கு. புருஷன் பெயரை அவள் எப்படிச் சொல்லுவாள்? பிறந்தது முதல் அவனைக் கூப்பிட்டுப் பழகின சொல் ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். வெட்கப்பட்டுக்கொண்டே, "மாமா" என்றாள்.

இந்தப் பாழாய்ப்போன சொல்லுக்கு இரண்டு பாஷையிலும் ஒரே அர்த்தம்.

"மாமாவா? மாயேர் பாய்?" என்றாள் நிஸ்தாரிணி. அம்மாவுடைய சகோதரனா என்று. மா என்றதும், ஹவுராவில் காதில் விழுந்து பழகின பாய் என்றதும் அனந்தத்துக்குப் புரிந்துவிட்டது. தனக்கு வங்காளி புரிகிறதே என்று பெருமையாக இருந்ததாம். பலமாகத் தலையை ஆட்டினாள்.

நிஸ்தாரிணியின் சிரிப்பு நின்றது. அப்படியானால் இவள் புருஷன் எங்கே? அவர்கள் பாஷையில் புருஷனுக்கு ஸ்வாமி என்று பெயர், 'ஷாமி' என்று உச்சரிப்பார்கள். "ஷாமி கோதாய்?" என்று கேட்டாள். சாமியை எங்கே வைத்துக்கொள்ளப்போகிறாய் என்று கேட்கிறார்கள், எவ்வளவு பக்தி என்று நினைத்து, அனந்தம் பரவசமாக இரண்டு கையையும் கூப்பி, மேலே காட்டினாள்.

புருஷன் மேலோகத்தில். நெற்றியில் குங்குமம். பக்கத்தில், புருஷன் என்று பொய் சொல்லிக்கொண்டு தாய்மாமன். நிஸ்தாரிணி கோம்டாவை இழுத்துக்கொண்டு விடுவிடு என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பருப்பை இறக்கி வைத்துவிட்டு ஜகதாம்பாள் வருவதற்குள், சக்ரவர்த்தி பாபு உள்ளே கூப்பிடப்பட்டு, வெளியே வந்து, சீதாராமன் முகத்தைப் பார்க்காமல் "வீடு இல்லை" என்று சொல்லிவிட்டார்.

அனந்தம் என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தாள். ஸ்வாமி கதையைக் கேட்டதும் வாஞ்சிநாதன்கூடச் சிரித்துவிட்டார். மாமா கதைக்கு வந்ததும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அதில் தப்பர்த்தம் ஒன்றும் இல்லை. சீதாராமன் அனந்தத்துக்குச் சொந்த மாமன்தான், அம்மாவின் தம்பி. அக்கா பெண்ணைக் கட்டிக்கொள்வது எங்கள் பக்கத்தில் உரிமை, கட்டிக்கொள்ளாவிட்டால்தான் அக்கா சண்டைக்கு வருவாள். வங்காளத்திலோ காதைப் பொத்திக்கொள்வார்கள். அவர்களுக்குத் தாய்மாமன் தகப்பனுக்குச் சமானம். ஹவுராவிலேயே அந்தப் பெண் 'மாமா' என்று கூப்பிட்டது ஜகதாம்பாள் காதில் விழுந்துதான் இருக்கிறது. காதில் விழுந்தது மனசில் விழவில்லை. இங்கே அப்படிக் கூப்பிடாதே என்று ஒரு வார்த்தை சொல்லி வைக்காமல் போனோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போது வாஞ்சிநாதன், ரொம்ப நாளாக ஜேபியில் தயாராக வைத்திருந்ததை எடுப்பவர் போல, "இதுக்கென்ன? எங்க பாஷையில ஆம்படையானையே மாமான்னுதான் கூப்பிடுவோம்னு சொல்லிடு. அம்மாவோட தம்பியெல்லாம் கெடையாது, பாஷை தெரியாம தலையாட்டிட்டாள்னு சொல்லிடு. முடிஞ்சுது" என்றார். நல்ல யோசனை. பாதி நிஜம்கூட. சீதாராமன் உடனே சரி என்றான். அனந்தம் ஜகதாம்பாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவணிக்கு நாள் இல்லை.

ஜகதாம்பாள் அந்தப் பொய்யை முந்தானையில் முடிந்துகொண்டு நடுக்கதவைத் தட்டினாள்.

நிஸ்தாரிணி தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்வாமி சமாசாரத்தைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு அரிவாள்மணையைத் தள்ளி வைத்தாள்.

"தீதி, அந்தப் பெண் தலையை ஆட்டினதை நான் பார்த்தேன். பாஷை தெரியாமல் ஆட்டியிருக்கலாம். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அவன் அவள் அம்மாவுடன் பிறந்தவன் இல்லை என்று நீ ஒரு வார்த்தை சொல்லு. சாவியை இப்போதே அவிழ்த்துத் தருகிறேன். நீ இதுவரைக்கும் எனக்குப் பொய் சொன்னதில்லை."

இங்கே ஜகதாம்பாள் எப்போதும் கதையை நிறுத்திவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். "அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாம இருந்திருந்தா, கூசாமப் பொய் சொல்லியிருப்பேண்டா" என்பாள் என்னிடம். பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டதாம். அனந்தத்தின் கண் ஞாபகம் வந்ததாம். அதோடு இன்னொன்றும் ஞாபகம் வந்ததாம், இத்தனை வருஷமாக அவளே மறந்துபோயிருந்தது.

"அம்மாவோடு பிறந்தவன்தான்" என்றாள். "அவள் புருஷனும் அவன்தான். பஞ்ச பூதம் சாட்சியாக, அக்னி சுற்றி, ஊர் கூடி நடந்த கல்யாணம். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். உனக்கு அருவருப்பாக இருந்தால் வீடு கொடுக்காதே. ஆனால் அவர்களை மட்டும் ஒதுக்காதே. ஒதுக்குவதானால் என்னையும் ஒதுக்கு."

"உன்னை எதற்கு?"

"உன் ஜாமாய்பாபு என் அம்மாவுடைய கடைசித் தம்பி."

நிஸ்தாரிணி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் எழுந்தாள். நறுக்கின காயும் நறுக்காத காயும் அப்படியே கிடக்க, உள்ளே போய்விட்டாள்.

வாஞ்சிநாதன் கல்கத்தாவுக்கு வந்த புதிதில் பெண்டாட்டிக்குப் போட்ட ஒரே உத்தரவு, இந்த ஊரில் என்னை மாமா என்று கூப்பிடாதே என்பதுதான். ஆபீஸில் யாரோ நம் பக்கத்துக் கல்யாண முறையைச் சொல்லப்போக, பக்கத்து மேஜை பாபு ராம ராம என்று எழுந்து போனதை அவர் பார்த்திருந்தார். அவளும் அந்த வார்த்தையைத் தூக்கி மச்சில் போட்டுவிட்டு, ஏன்னா, இதோ பாருங்கோ என்று காலத்தை ஓட்டிவிட்டாள். எங்களுக்கெல்லாம் தெரியும். எங்களில் பாதிப் பேர் வீட்டில் அதே கதை. யார் யார் எப்படி என்று ஊரையே துருவித் துருவி விசாரித்தவள், தன் வீட்டில் விசாரிக்க ஒன்று இருப்பதையே மறந்துவிட்டாள்.

நடுக்கதவு திங்கட்கிழமை திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் திறக்கவில்லை. வழக்கமாக அந்தக் கதவு வழியாகத்தான் நாளெல்லாம் போக்குவரத்து. இங்கிருந்து ரசம் போகும், அங்கிருந்து தேங்காய் உருண்டை வரும். பின் வீட்டில் பூட்டு தொங்கியது. சீதாராமன் ஆபீஸில் மெயிலுக்குத் துணை விசாரிக்க ஆரம்பித்தான். வாஞ்சிநாதன், பாவம், என்றைக்கும் இல்லாத திருநாளாக நிறையப் பேசினார். "வாயை மூடிண்டு இருக்கப்படாதா? அவாளுக்கு வீடு வாங்கித் தரேன்னு போய் நம்ம வீட்டையும் தொலைச்சுட்டு வந்து நிக்கறயே!" என்றார். ஜகதாம்பாள் பரணிலிருந்து பித்தளை அண்டாவை இறக்கி, சாமான்களை அதற்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளைச் சத்தம் போடாமல் நான் பார்த்தது அந்த வாரம்தான். எனக்கு அது பொறுக்கவில்லை, என்னையறியாமல் கண் கலங்கிற்று. இந்த ஊரில் இனி யார் சொல்லி நமக்கு வீடு கிடைக்கப்போகிறது என்ற சுயநலமும் அதில் கொஞ்சம் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். டாக்குரியாவில் ஒரு வீடு இருப்பதாகக் கேள்விப்பட்டுச் சொல்லப் போயிருந்தேன். வாஞ்சிநாதன் பெஞ்சியில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். ஜகதாம்பாள் அடுப்படியில் காப்பி கலந்துகொண்டிருந்தாள். நடுக்கதவு திறந்தது.

நிஸ்தாரிணி வந்தாள். வாஞ்சிநாதன் வழக்கம் போல எழுந்து, அவள் முக்காடு போட்டுக்கொள்ள வசதியாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் முக்காடு போடவில்லை. தலைப்பு தோளில் கிடந்தது. வட்டமான முகம், மூக்கில் ஒரு சின்ன முத்து. நான் ஒருத்தன் அங்கே இருந்ததை அவள் லட்சியம் செய்யவில்லை; நானும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"தீதி, எனக்கு எட்டு வயசில் கல்யாணம்" என்றாள் அடுப்படியைப் பார்த்து. "கிருஷ்ணநகரிலிருந்து பல்லக்கில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். இந்த வீட்டில் எனக்கு ஒரு முகம் தெரியாது. யாரைப் பார்த்தாலும் பயம். பல்லக்கோடு கூட நடந்து வந்தது எங்கள் மாமா ஒருத்தர்தான். அவர் திரும்பிப் போகும்போது அவர் வேஷ்டியைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்று அழுதேன். விரலைப் பிரித்து எடுத்தார்கள். ஒரு வருஷம் அழுதேன் தீதி. ஏழு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா உன்னைப் பல்லக்கில் ஏற்றும்போது அவளுக்கு அந்தப் பயம் இருந்திருக்காது. அந்தச் சின்னப் பெண்ணின் அம்மாவுக்கும் இருந்திருக்காது. எங்களுக்கு இது ஆகாதுதான். இப்போதும் நினைத்தால் உடம்பு கூசுகிறது. ஆனால் உங்கள் அம்மாக்களை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை."

ஜகதாம்பாள் டம்ளரும் கையுமாக நிலைப்படியில் நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ள ஒரு கை காலியில்லை.

நிஸ்தாரிணி தலைப்பு முடிச்சை அவிழ்த்துப் பின் வீட்டுச் சாவியை எடுத்தாள். தீதியிடம் கொடுக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற வாஞ்சிநாதனிடம் நேரே போனாள். "தீதிக்கு மாமா என்றால் எனக்கும் மாமாதானே? மாமாவிடம் எந்தப் பெண் முக்காடு போடுவாள்?" என்று சொல்லி, குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு சாவியை நீட்டி, "மாமாபாபு, அந்தப் பெண்ணிடம் கொடுங்கள். மேலே சாமியை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றாள்.

பாவம் வாஞ்சிநாதன். ஒரு கையில் பேப்பர், ஒரு கையில் சாவி. ஆசீர்வாதம் செய்ய எந்தக் கையைத் தூக்குவது என்று தெரியாமல் விழித்தார். எத்தனையோ வருஷம் இரண்டடி தூரத்தில் நின்று பேசாத பெண்பிள்ளையிடம் முதன்முதலாக என்ன பேசுவது? யோசித்து யோசித்து, "மழை வரும் போலிருக்கிறது" என்றார்.

நிஸ்தாரிணி சிரித்த சிரிப்பு சந்து முனை வரை கேட்டிருக்கும். நானும் சிரித்தேன். அவர் மட்டும் சாவியைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார். அப்போது நிலைப்படியிலிருந்து, கல்கத்தாவுக்கு வந்த நாளாக அந்தச் சந்தில் யாரும் கேட்டிராதபடி, சிறு பெண் கூப்பிடுகிற மாதிரி ஜகதாம்பாள் வாய்விட்டுக் கூப்பிட்டாள்.

"மாமா! காப்பி ஆறிப்போறது, வாங்கோ."